வந்து போகும் மின்பழுது: பழைய கார்களில் அதைப் பிடிக்கும் வழிகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரியான புகார் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று நின்றுவிடும். ஓரம் கட்டி, சற்றுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும். வேறொரு வண்டியில் மேடுபள்ளம் வந்தால் மட்டும் ஹெட்லைட் அணைந்து எரியும். இன்னொன்றில் மழைநாளில் மட்டும் ஹாரன் ஊமையாகும். முழுதாகச் செத்துப்போன பாகத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் பழுதுதான் பணத்தையும் பொறுமையையும் ஒருசேரத் தின்கிறது.

இந்தப் பழுது ஏன் வந்து போகிறது, வண்டியில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, அதைப் பிடிக்கப் பட்டறைகளில் கையாளப்படும் முறைகளில் எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது என்ற மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பாயின்ட், கண்டன்சர், டைனமோ காலத்து வண்டிகளே இங்கே பேசுபொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இவ்வகைப் பழுது பெரும்பாலும் பாகத்தில் இருப்பதில்லை, பாகத்துக்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள இணைப்பில் இருக்கிறது. ஆகவே பாகங்களை மாற்றிக்கொண்டே போவது அதைப் பிடிக்கும் வழியாகாது.

எந்த வண்டிகள், எப்படிப்பட்ட வயரிங்

நம் சாலைகளில் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி. பியட் 1100 வழியில் வந்தது மும்பையின் பத்மினி. சென்னைக்கே சொந்தமானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவமான இதை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இங்கே தயாரித்தது. அதே 1961-இல்தான் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் கைகோத்து, சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் லூகாஸ் என்று இரண்டு மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் படித்தது இப்படித்தான்.

பிரிட்டிஷ் கார்க்காரர்கள் லூகாஸை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். விளக்கு அணைந்துபோகும் என்பதுதான் கிண்டல். அந்தக் கேலியில் பாதிதான் நியாயம். அக்கால வயரிங் மிக எளிமையானது. ஐம்பது ஆண்டுத் துருவும் பலர் கைபட்ட ஒட்டுவேலையும் சேர்ந்தபிறகு அதைக் குறைசொல்வது, தயாரித்தவரைவிடப் பராமரித்தவரைத்தான் சுடும்.

அந்த எளிமையில் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது நிற ஒழுங்கு. லூகாஸ் முறையில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். வெள்ளை, சாவி போட்டபின் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸைத் தாண்டி வருவது. பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர் இதில் சேரும். ஊதா, ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடிருப்பது. ஹாரன் இதில் வரும். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்தவருக்குப் பாதி வரைபடம் கையில் இருக்கிறது. ஆனால் கைக்குக் கிடைத்த வயரை ஒட்டிப்போட்ட வண்டிகளில் நிறத்தை நம்பி இறங்கக் கூடாது.

இரண்டாவது ஃபியூஸ். பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இரண்டே ஃபியூஸ்தான். ஹெட்லைட்டும் இக்னிஷனும் ஃபியூஸே இல்லாமல் ஓடும். அதனால் அவற்றில் வரும் பழுதை ஃபியூஸைப் பார்த்து அறிய முடியாது. மூன்றாவது, எர்த் எந்த முனை என்பது. 1960களின் பிற்பகுதிவரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியில் இன்றைய பழக்கப்படி பேட்டரியை மாட்டினால் ஆல்டர்னேட்டரோ எலக்ட்ரானிக் கருவியோ பொருத்தப்பட்டிருந்தால் அந்த நொடியே போய்விடும். மீட்டரைத் தொடும் முன் இதை உறுதிசெய்துகொள்வது முதல் வேலை.

பழுது ஏன் வந்து போகிறது

விட்டுவிட்டு வரும் பழுது தாறுமாறாக வருவதாகத் தோன்றும். உண்மையில் முறைக்காய்ச்சல் போல அதன் வருகைக்கு ஒரு கணக்கு உண்டு. சூடு, அதிர்வு, ஈரம், சுமை ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோ கூடும்போதுதான் அது தலைகாட்டும்.

சூடு என்பது எஞ்சின் சூடு மட்டுமல்ல, மின்சாரம் ஓடுவதால் வயரிலேயே பிறக்கும் சூடும்தான். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் காயில் 80 டிகிரியில் 3.7 ஓம் வரை போகும். இது இயல்பு, வண்டி இதனால் நிற்காது. ஆனால் காயிலின் உள்ளே காப்பு பழுதுபட்டிருந்தாலோ, கண்டன்சரின் உள்ளிணைப்பு தளர்ந்திருந்தாலோ, சூடேறி விரியும்போது அது விட்டுக்கொடுக்கும். ஆறியதும் மீண்டும் சேரும். பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் பழுதின் இரகசியம் இதுதான்.

அதிர்வு, வயரை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. விறைப்பான லக்கும் வளையும் வயரும் சந்திக்கும் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்; மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும். செருகு இணைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணசைவு, தொடும் பரப்பைத் தேய்த்துத் தேய்த்து ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். ஹெரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். ஹெட்லைட்டுகள் அந்தப் பானெட்டிலேயே இருக்கின்றன. எஞ்சினைப் பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விளக்குகளுக்குப் போகும் வயர் வளைந்து நிமிர்கிறது.

ஈரத்தின் வேலையை நம் கடற்கரை ஊர்களில் சொல்லவே வேண்டாம். பித்தளையிலும் செம்பிலும் பச்சைக் களிம்பு பூக்கும். காய்ந்திருக்கும்போது களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் படியும் ஈரமும் கரித்தூளுமோ மின்சாரத்தைப் போகக்கூடாத இடத்துக்கு அழைத்துப்போகும். வண்டி நிற்கும் கொட்டகைகளில் எலி கடித்து வைக்கும் வயர் இந்தப் பட்டியலில் தனி இடம் பெறும். உறை மட்டும் கடிபட்ட வயர் வெயிலில் வேலை செய்யும், மழையில் கசியும்.

நான்காவதான சுமையைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். அதன் பாதையில் ஒரே ஒரு களிம்பேறிய இணைப்பு 0.5 ஓம் தடை தந்தால், அங்கேயே 2 வோல்ட் போய்விடும். பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட். வெளிச்சம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். தொலைந்த மின்சாரம் அந்த இணைப்பிலேயே 7 வாட்டுக்கு மேல் சூடாக மாறும். ஒரு சின்னப் பித்தளைக் குழாய்க்குள் அத்தனை சூடு என்றால் தொட முடியாது. சூடு அந்த இணைப்பை மேலும் கெடுக்கும்.

இத்தனைக்கும் ஃபியூஸ் போகாது. மின்சாரம் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் உருகும். தளர்ந்த இணைப்போ மின்சாரத்தைக் குறைக்கிறது. ஃபியூஸ் முழுசாக இருப்பதைப் பார்த்து ‘வயரிங் நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. அதைவிட ஆபத்தானது, உருகிய ஃபியூஸின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வண்டியை ஓட்டுவது. உருகுவதற்கு ஒன்றும் இல்லாதபோது வயரே உருகும்.

பழுது குடியிருக்கும் இடங்கள்

எர்த்: எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒரு இணைப்பு, எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் அமர்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாவிட்டால் எஞ்சினுக்குத் திரும்பும் பாதையே இல்லை. அது அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சுட்டுப் புகையும். செல்ஃப் போடும்போது சோக் கேபிள் சூடானால் காரணம் தேட வேண்டியதில்லை, எர்த் பட்டையைப் பார்த்தால் போதும்.

பின்விளக்குகளில் எர்த் கெட்டால் இன்னும் விசித்திரமாக இருக்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் சேர்ந்து துடிக்கும். தன் எர்த்தை இழந்த பல்பு பக்கத்துப் பல்பின் வழியாகத் திரும்பிப் போகப் பார்ப்பதன் விளைவு அது. அடையாளம் தெரிந்தவர் ஸ்விட்சைக் கழற்ற மாட்டார். விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்ப்பார். பெயின்ட் அடித்துப் புதுப்பித்த வண்டிகளில் இந்தப் பழுது அதிகம். எர்த் திருகுகளுக்கு அடியிலும் அழகாகப் பெயின்ட் போயிருக்கும்.

இக்னிஷன்: சட்டென்று நிற்கும் வண்டிகளில் பெரும்பான்மைச் சந்தேகம் இங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரற்கடை நீளமே உள்ள இரண்டு மெல்லிய வயர்கள் உண்டு. ஒன்று பாயின்டுக்கு மின்சாரம் கொண்டுவருவது, மற்றொன்று அசையும் தட்டை உடலோடு எர்த் செய்வது. வாக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் தட்டு நகரும்; வயர்களும் கூடவே வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்த வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போது இழைகள் தொட்டுக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் தட்டு நகர்ந்து இழைகள் பிரியும், எஞ்சின் மிஸ் ஆகும். கார்புரேட்டரைப் பலமுறை கழற்றிக் கழுவியும் தீராத மிஸ்ஸிங்குக்குக் காரணம் பல வண்டிகளில் இந்த ஒரு துண்டு வயர்தான்.

அடுத்து கண்டன்சர், ரோட்டர், மூடிக்குள் இருக்கும் கரித்துண்டு, காயிலின் முனைகள், இக்னிஷன் ஸ்விட்ச். கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிடும் பழக்கம் ஸ்விட்சின் உட்பகுதியைத் தேய்த்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது கொத்து ஆட, இணைப்பு ஒரு கணம் விட்டுவிடும். பாயின்ட் இடைவெளி லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருந்தால் இந்த இடைவெளி ஓட்டத்திலேயே மாறிக்கொண்டிருக்கும்.

சார்ஜிங்: டைனமோ வண்டிகளில் ஐடிலில் சார்ஜ் விளக்கு மினுக்குவது பழுதல்ல, அந்த வேகத்தில் டைனமோவால் அவ்வளவுதான் முடியும். ஆனால் ஓட்டத்தில் விளக்கு மங்கலாக எரிந்து, வேகமோ சுமையோ கூடக்கூடப் பிரகாசமானால், டைனமோவுக்கும் பேட்டரிக்கும் இடையே எங்கோ தடை இருக்கிறது. கட்-அவுட்டின் பாயின்டுகளை முதலில் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் பெட்டியின் எர்த் தளர்ந்தால் அது கட்டுப்பாட்டை இழந்து டைனமோவை முழுவீச்சில் ஓடவிடும். விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும், பேட்டரி கொதிக்கும். கட்-அவுட் பாயின்டுகள் ஒட்டிக்கொண்டாலோ வண்டி நின்றபிறகும் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துகொண்டிருக்கும். சில இரவுகளில் மட்டும் பேட்டரி இறங்கிப்போகும் வண்டிகளில் இதையும் சோதிக்க வேண்டும்.

மீட்டர்களும் ஃபியூஸ் பெட்டியும்: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால் இரண்டு மீட்டரும் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்று எண்ண வேண்டாம். 1960களின் வண்டிகளில் இரண்டுக்கும் சேர்த்து 10 வோல்ட் சராசரி தரும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதுவோ அதன் எர்த்தோதான் குற்றவாளி. பியட், வோக்ஸ்வேகன் போன்ற ஐரோப்பிய வண்டிகளில் கூர்முனை கொண்ட பீங்கான் ஃபியூஸ்கள் உண்டு. அவை முனையில் மட்டுமே தொடும். பிடிக்கும் வில்கள் தளர்ந்து கறுத்தால் ஃபியூஸ் முழுசாக இருக்கும்போதே மின்சாரம் நின்றுபோகும். ஃபியூஸை விரலால் சுழற்றியதும் வேலை செய்தால் வில்லைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

பட்டறை முறைகள்: மூன்று வழக்கங்கள்

இந்தப் பழுதை அணுகுவதில் நம் பட்டறைகளில் மூன்று வழக்கங்களைக் காணலாம். மாற்றிப் பார்ப்பது, அசைத்துப் பார்ப்பது, அளந்து பார்ப்பது.

மாற்றிப் பார்ப்பவர்களை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. கண்டன்சர் மலிவு, நன்றாக வேலை செய்யும் இன்னொரு கண்டன்சரை மாட்டி ஓட்டிப் பார்ப்பது சூட்டில் கெடும் கண்டன்சரை அறியச் சிறந்த வழி. ஆனால் இந்த முறைக்கு இரண்டு பொறிகள் உண்டு. முதல் பொறி, புதிய பாகம் நல்ல பாகமாகவே இருக்கும் என்ற நம்பிக்கை. பழைய கார்களுக்காக இப்போது தயாராகும் மலிவான ரோட்டர்களில் காப்பு போதாமல் தீப்பொறி ரிவெட் வழியாக ஷாஃப்டுக்கே இறங்கிவிடுவது உலகெங்கும் பழைய கார்க்காரர்கள் அறிந்த தொல்லை. சென்னை ஜி.பி. சாலையில் புதிதாக வாங்கியதோ புதுப்பேட்டையில் பழையதாகப் பொறுக்கியதோ, சோதிக்காத பாகம் சந்தேகத்துக்குரிய பாகமே.

இரண்டாவது பொறி நுட்பமானது. காயிலை மாற்றும்போது அதன் முனைகளிலிருந்த லக்குகளைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த உரசலிலேயே களிம்பு தேய்ந்து இணைப்பு சரியாகிவிடும். பழுது போய்விட்டது, பெருமை புதுக் காயிலுக்கு. சில வாரங்களில் களிம்பு திரும்ப வரும், பழுதும் வரும். அப்போது ‘காயில் டூப்ளிகேட்’ என்று இன்னொன்று வாங்குவார்கள்.

அசைத்துப் பார்ப்பது கையனுபவம் மிக்க எலக்ட்ரீஷியன்களின் வழி. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு வயராகத் தொட்டு அசைத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ரெகுலேட்டரையும் ஸ்விட்சையும் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் தடுமாறும் இடம் பழுதின் இடம். அதிர்வில் வரும் பழுதுக்கு இதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் கட்டாக அள்ளி உலுக்கினால் அறுந்த இழை மீண்டும் தொட்டுக்கொள்ளும், பழுது ஒளிந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு வயர், அதுவும் விளக்கோ மீட்டரோ மாட்டப்பட்ட நிலையில் மட்டும் அசைப்பது என்றால் இந்த முறைக்கு ஈடில்லை.

அளந்து பார்ப்பதிலும் சரியான அளவை, தவறான அளவை என்று இரண்டு உண்டு. இன்று எல்லோர் கையிலும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது. அதன் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். சுற்றிலிருந்து அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரின் முனையிலும் அது 12 வோல்ட் காட்டும். அந்த வயர் ஹெட்லைட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்காது என்பதை அது சொல்லாது. பழைய எலக்ட்ரீஷியனின் பல்பு டெஸ்டர் இங்கே மீட்டரை வென்றுவிடும். பல்பு தனக்கு வேண்டிய மின்சாரத்தை இழுத்துப் பார்ப்பதால், பலவீனமான வயரில் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

தடையை ஓமில் அளப்பதும் பெரிய மின்சாரச் சுற்றுகளில் பயன்படாது. செல்ஃப் மோட்டாரின் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தால் 150 ஆம்பியரில் 3 வோல்ட் காணாமல் போகும், செல்ஃப் முனகும். மலிவான மீட்டரின் கம்பிகளுக்கே அதைவிடப் பலமடங்கு தடை உண்டு. அதனால் சரியான வழி, சுற்றை வேலை செய்யவிட்டு, வோல்டேஜ் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். நல்ல எர்த்தில் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. விளக்கின் எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரி முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் இடையே கூட அளக்கலாம். இறுக்கமாகத் தோன்றும் கிளாம்பிலும் வோல்டேஜ் இறங்குவது உண்டு.

ஓட்டத்தில் நிற்கும் வண்டிக்கு ஒரு சோதனை

பட்டறையில் வராத பழுதைச் சாலையில்தான் பிடிக்க வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. சாவியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் (பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ. என்று எழுதியிருக்கும்) நீள வயர் ஒன்றை ஒரு சிறு ஃபியூஸோடு மாட்டி, மறுமுனையில் சிறு பல்பைக் கட்டி டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, பல்பின் மற்ற முனையை எர்த் செய்யுங்கள். சாவி போட்டால் பல்பு எரியும். வழக்கம்போல வண்டியை ஓட்டுங்கள். எஞ்சின் நிற்கும் அந்தக் கணத்தில் பல்பும் அணைந்தால் பழுது காயிலுக்கு முந்தைய பாதையில்: ஸ்விட்ச், அம்மீட்டரின் பின்புறத் திருகுகள், பழுப்பு, வெள்ளை வயர்கள். எஞ்சின் நின்றபிறகும் பல்பு எரிந்துகொண்டிருந்தால் பழுது காயிலிலோ அதற்குப் பின்னாலோ. தேட வேண்டிய இடம் ஒரே நிறுத்தத்தில் பாதியாகிவிடும்.

பின்பாதிதான் என்றால் பல்பு டெஸ்டரைக் காயிலின் மறுமுனைக்கும் (சி.பி. என்று எழுதியது) எர்த்துக்கும் இடையே பிடித்துச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். பல்பு மினுக்கினால் பாயின்ட் திறந்து மூடுகிறது. காயிலின் உயர் மின்னழுத்தப் பக்கத்தையும் கண்டன்சரையும் ரோட்டரையும் பாருங்கள். எரிந்தபடியே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது உள்ளே அந்தச் சின்ன வயர்களில் ஒன்று அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலின் உள்சுற்று விட்டிருக்கிறது, அல்லது சி.பி. பக்கம் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் முன் பழுது மின்சாரத்தினுடையதா, பெட்ரோலினுடையதா என்று பிரிக்க வேண்டும். கோடைகாலத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் அடைத்துக்கொள்வதும் சூட்டில் நின்று ஆறியபின் கிளம்பும் பழுதுதான். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு அதைச் சமாளித்தவர்கள் பழைய டிரைவர்கள். பொதுவாக, மின்சாரம் போனால் சாவியை அணைத்ததுபோல் எஞ்சின் ஒரேயடியாக நிற்கும்; பெட்ரோல் போனால் இருமித் தடுமாறி நிற்கும். இந்த இலக்கணத்துக்கு விலக்கு உண்டு. கெடத் தொடங்கிய கண்டன்சரும் இரும வைக்கும். எனவே நின்ற இடத்திலேயே பிளக் வயரைப் பிளாக்குக்கு அருகே ஒரு மரக்குச்சியால் பிடித்து, தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பதுதான் உறுதி. பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

பழுது தானாக வராவிட்டால் வரவழைக்கவும் செய்யலாம். சூட்டுக்கு முடி உலர்த்தும் கருவி; ஈரத்துக்குத் தண்ணீர் தெளிப்பான்; சுமைக்கு ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் ஒருசேரப் போடுவது. இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் பிளக் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடங்கள் நீலமாக மின்னும். கையை மட்டும் எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

முழு மாற்றம் என்ற தீர்வு

பலர் கடைசியில் வந்துசேரும் இடம் ‘முழு வயரிங்கையும் மாற்றிவிடலாம்’ என்பது. சில வண்டிகளுக்கு அது சரியான முடிவுதான். துணி சுற்றிய பழைய உறை உதிர்ந்தாலோ, வயரைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்து ஈயம் ஒட்டாமல் போனாலோ, ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு வரைபடத்தோடு பொருந்தாத நிலைக்கு வந்திருந்தாலோ, புதிய ஹார்னஸ் போடுவதே பாதுகாப்பு. ஆனால் புது ஹார்னஸின் வயர்கள் போய்ச் சேருவது அதே பழைய ஸ்விட்சுகளுக்கும் துருப்பிடித்த அதே எர்த் திருகுகளுக்கும்தான். அவற்றைத் தொடாமல் ஹார்னஸை மட்டும் மாற்றினால் பழுது புது வயரிலும் வரும்.

பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது மற்றொரு வழி. தேயும் பாகம் குறையும் என்பது உண்மை. பாயின்ட் கெடும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கெடும், வழியில் தேய்த்து வீடு வந்துசேரலாம்; மாட்யூல் போனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்பதும் உண்மை. போடுபவர்கள் பழைய பாயின்ட் தட்டை டிக்கியில் வைத்திருப்பது நல்லது. 50 ஆண்டைக் கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்யும் 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி, வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவை விரும்புபவர்கள் எதை மாற்றினாலும் அசலுக்குத் திரும்பும்படி மாற்றுவதே விவேகம்.

இந்த மாற்றங்களில் தயங்காமல் பரிந்துரைக்கக் கூடியது ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது. 100 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டைப் பழைய ஸ்விட்ச் வழியாக எரித்தால் 16 ஆம்பியருக்கு மேல் அந்த ஸ்விட்ச் சுமக்க வேண்டும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தனி ஃபியூஸோடு ரிலே போட்டால் ஸ்விட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

எங்கே தொடங்குவது

மூன்று வழக்கங்களில் ஒன்று சரி, மற்றவை தவறு என்பதல்ல, வரிசைதான் முக்கியம். முதலில் குறிப்பு எழுதுங்கள்: பழுது வந்தபோது எஞ்சின் எவ்வளவு சூடு, மழையா வெயிலா, எந்தெந்த ஸ்விட்ச் போட்டிருந்தது, எப்படித் திரும்பி வந்தது. திரும்பி வந்த விதம் வந்த விதத்தைவிட அதிகம் சொல்லும். ஆறியபின் வந்தால் சூடு, ஒரு குலுக்கலில் வந்தால் தளர்ந்த இணைப்பு, வெயிலில் காய்ந்தபின் வந்தால் ஈரம், விளக்கை அணைத்ததும் வந்தால் பாதையில் தடை. அடுத்து பேட்டரி முனைகளையும் எர்த்துகளையும் கழற்றிச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பிறகு சுமையோடு அளங்கள். அளந்து சந்தேகம் குறுகியபின் அசையுங்கள். மாற்றுவது கடைசி, அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பாகம். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போகும்.

டைனமோவையும் கட்-அவுட்டையும் கையால் அறிந்த எலக்ட்ரீஷியன்கள் ஊருக்கு ஊர் குறைந்துவருகிறார்கள். புதிய தலைமுறை கையிலெடுப்பது கம்ப்யூட்டர் ஸ்கேனரை. அதைச் செருக இந்த வண்டிகளில் இடமே கிடையாது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் வயரிங் படத்தைத் தேடி எடுத்து, ஒட்டுப் போட்ட ஒவ்வொரு வயரையும் அதில் குறித்துவையுங்கள். ஒரு பல்பு டெஸ்டர், ஃபியூஸ் வைத்த ஒரு நீள வயர், உப்புத்தாள், இரண்டு ஸ்பானர் ஆகியவற்றை டிக்கியில் போட்டுவையுங்கள். அடுத்த முறை வண்டி நின்றால் உடனே சாவியைத் திருப்பிப் பார்க்காமல், பானெட்டைத் திறந்து முதலில் அளங்கள். பழுது கண்முன் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அதைப் பிடிக்கக் கிடைக்கும் நேரம்.